நாலாயிரம் குழிகள்

திரையில் விரிந்த ஊர் மேப்பில் ஓர் இடம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் சாலைத்துறை அதிகாரி.

"நம்ம ஊழியர்கள் தெருத்தெருவாப் போய்க் குழிகளைப் போன்ல பதியறாங்க சார். எங்கே நின்னு பதியறாங்களோ, அந்த இடத்தைப் போனே குறிச்சுக்கும். அந்த டேட்டாவையெல்லாம் கம்ப்யூட்டர் அலசி, மேப்ல புள்ளி வைக்கும்," என்றாள் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்.

"அந்தச் சிவப்பு?"

"அங்கே மட்டும் நாலாயிரம் குழி சார்."

அதிகாரி பதறினார். "பாவம், நம்ம ஆளுங்க வெயில்ல நாயா அலைஞ்சிருக்காங்க! எல்லாருக்கும் பாராட்டுக் கடிதம் ரெடி பண்ணு. அங்கே இன்னைக்கே தார் போடணும். எந்தத் தெரு அது?"

அவள் மேப்பைப் பெரிதாக்கினாள்.

"நம்ம ஆபீஸ் கேன்டீன் சார். ஃபேனுக்குக் கீழே இருக்கிற மேசை."