ஒரு வாளிக் கடல்

மூட்டை தூக்கிவிட்டு வந்தவன் கையில் ஒரு வாளிக் கடல்நீர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “நாலு தெரு நடந்தா கடல். மகாராணி நடக்க மாட்டாங்களோ?”

அவன் உள்ளே போய், மனைவி முன் வாளியை வைத்தான்.

“கேட்டியே, கொண்டாந்துட்டேன். காலை விடு.”

வலது காலை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். “இந்த உப்பு வாசனைக்கே ஏங்கிப் போயிட்டேன்யா.”

“இன்னொண்ணையும் விடேன்.”

“இது நனைஞ்சா போலீஸ் வந்து நிக்கும்.”

இடது கணுக்காலில் கோர்ட் மாட்டிய கண்காணிப்புப் பட்டை மினுங்கியது. வாசலைத் தாண்டினால் அலறும். அவனை அறைந்த மேஸ்திரியின் மண்டையை உடைத்தவள் அவள். ஜெயிலுக்குப் பதில் வீட்டோடு கிடக்கச் சொல்லிவிட்டார் நீதிபதி.

“அடி வாங்கினது நான், தண்டனை உனக்கு” என்றான்.

“அழுவாதய்யா. வாளியை ஆட்டு. கடல்னா அலை வேணாமா?”