ஆளில்லாத இடமாகப் பார்த்து

சில்க்போர்க் ஏரிக்கரையில், காசு கட்டிக் கூடாரமோ வானோ போட்டுத் தங்கும் காம்பிங் இடத்தின் வாசல் வந்தது. அல்பேட் வானின் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்றாள் மனைவி எமிலியா.

"ஏன்?"

"ஏனோ? இதுக்குத்தானே வைலே வீட்டில இருந்து வெளிக்கிட்டனாங்கள். சுடுதண்ணி இருக்கு, குசினி இருக்கு, கதைக்க நாலு சனம் இருக்கு."

"இன்னும் ஆறு கிலோமீற்றர் போனால் காட்டோரத்தில வாகனம் விடுற இடம் ஒண்டு கிடக்கு. ஒரு சதமும் வேண்டாம். படுக்கிறது எங்கட வானுக்குள்ள. அதுக்கேன் ஆருக்கோ காசு?"

எமிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கோடைக்கு முன் இதே இடத்தில் ஒருமுறை தங்கியதோடு சரி. அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஓசிதான். ஓசி இடத்தில் கதிரையைத் தூக்கி வெளியே வைக்கக் கூடாது. வைத்தால் அது காம்பிங் ஆகிவிடுமாம், யாராவது வந்து எழுப்பி விடுவார்களாம். ஆகவே ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வானுக்குள் முழங்காலில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துப் புட்டுச் சாப்பிட வேண்டும். கழிப்பறை அவசரம் என்றால் பெற்றோல் நிலையத்தைத் தேடி ஓட வேண்டும்.

"இப்பிடி ஒரு கஞ்சனை நான் உலகத்தில காணேல்லை" என்று, ஞாயிறு பூசை முடிந்து நிற்கிற பெண்கள் அத்தனை பேரிடமும் அவள் சொல்லியாகிவிட்டது. அது அல்பேட்டின் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டு கோப்பி எடுக்கப் போய்விட்டான். சூடு சொரணை இல்லாத மனிதன்.

"உங்களுக்கு இந்த இடத்துச் சனத்தின்ர அருமை தெரியாது," என்றாள். "அண்டைக்கு நான் மாதா பாட்டுப் பாடேக்க என்ன நடந்தது?"

அல்பேட் றோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"விடிய அஞ்சு மணி. நான் வெளியில நிண்டு பாடுறன். ஒவ்வொரு கூடாரமாத் திறந்து, எல்லாரும் வெளியில வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிண்டு கேட்டதுகள். டெனிஷ் சனமப்பா! ஒரு சொல் விளங்காமலே அவ்வளவு மரியாதை. முடிய ஓடிப்போய்ப் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்து, மேசையில குட்டிக் கொடியும் நட்டுவிட்டதுகள். எங்கட கோயில் பாடகர் குழுவில எனக்கு ஒருநாளாவது தனிப்பாட்டுத் தந்தவையோ?"

"இல்லை," என்றான் அல்பேட். அதை மட்டும் உறுதியாகச் சொன்னான்.

"திருப்புங்கோ வானை. இந்தமுறை என்ர காசு."

அல்பேட் அவசரமாகக் குறுக்கிட்டான். "சனிக்கிழமை எமிலி, இடம் இராது."

"கேட்டுப் பாப்பம்."

"அப்ப நீர் இரும், நான் போய்க் கேக்கிறன்."

"நீங்கள் கேட்டால் கட்டாயம் இராது."

வான் திரும்பியது. எமிலியா கைப்பையோடு குதித்து இறங்கிப் போனாள். அல்பேட் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

வரவேற்பு மேசையில் நரைத்த தாடியோடு ஒருவர் இருந்தார். நிக்கலஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"அட, பாட்டுக்கார அம்மா!" என்றார் டெனிஷில்.

எமிலியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இன்னும் ஞாபகம் இருக்கிறதா?" என்று அவளும் டெனிஷில் கேட்டாள்.

"மறக்க முடியுமா? அன்று விடியற்காலையில் ஏழு பேர் என்னிடம் முறைப்பாட்டோடு வந்துவிட்டார்கள். லீவில் தூங்க வந்தவர்களை ஐந்து மணிக்கு எழுப்பினால் சும்மா இருப்பார்களா? உங்களை வேறு இடம் பார்க்கச் சொல்லத்தான் புறப்பட்டேன்."

எமிலியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது மரியாதையில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நல்லவேளை, உங்கள் கணவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். 'கோபிக்காதீர்கள், இன்று எங்கள் திருமண வெள்ளிவிழா, அந்தச் சந்தோசத்தில் பாடுகிறாள்' என்றார். எங்கள் வழக்கத்தில் வெள்ளிவிழா அன்று விடியற்காலையில் அயலவர்கள் போய்த் தம்பதியின் வாசலில் பாட வேண்டும். இங்கே மணப்பெண்ணே எழும்பிப் பாடுகிறாள்! பிறகு யாருக்குக் கோபம் வரும்? முறைப்பாடு சொன்னவர்களே பணிஸ் வாங்கப் போனார்கள்."

எமிலியா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுக்கும் அல்பேட்டுக்கும் கல்யாணமாகி இன்றைக்குக்கூடப் பத்தொன்பது வருடம்தான்.

"அடுத்த கோடைக்கும் வாருங்கள் என்றேன். 'இவள் தினமும் பாடுவாள். பாடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இனி ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் கூட்டிப் போக வேண்டும்' என்றார். நல்ல மனிதர்." நிக்கலஸ் கணினிப் பக்கம் திரும்பினார். "இடம் இருக்கிறது. எத்தனை இரவு?"

எமிலியா திரும்பி வந்து வானில் ஏறியபோது அல்பேட் தலையை நிமிர்த்தவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். பெல்ட்டைப் போட்டாள். கைப்பையில் லேஞ்சியைத் தேடி மூக்கைச் சிந்தினாள்.

"காட்டுக்கு விடுங்கோ," என்றாள்.

"ஏன், இடம் இல்லையாமோ?" என்று மெல்லக் கேட்டான்.

"இடம் இருக்கு. எங்கட வெள்ளிவிழாவுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கு, அண்டைக்கு வந்து பாடுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."