சின்னவனைக் காணோம்

“சின்னவனைக் காணோம்!”

கத்த வந்ததை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, கணவன் சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். தூசியும் மூடியில்லாத ஒரு பேனாவும்தான் கிடந்தன.

சின்னவன் ஒரு மீன். தட்டு மாதிரி வட்டமான டிஸ்கஸ் குட்டிகள் ஆறில் கடைக்குட்டி. “செடி வச்ச தொட்டியில குட்டிங்களை வளர்க்கிறது கஷ்டம்மா” என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், மனைவி வேளாவேளைக்குத் தீனி போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி வளர்த்தாள். சின்னவன் மட்டும் அவள் பக்கத்தில் நின்றால்தான் வாயைத் திறப்பான்.

நேற்றுதான் ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பினாள். “திரும்பி வந்து எண்ணுவேன். குறைஞ்சுது, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மிரட்டிவிட்டு, தூக்குவாளியை மடியில் அணைத்தபடி டாக்சியில் ஏறினாள். “மெதுவாப் போங்க, குலுங்கக் கூடாது” என்று டிரைவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாளைக்குக் கூட இவளுக்கு வெளிச்சாப்பாடு ஆகாது என்று கணவன் நினைத்துக்கொண்டான்.

இன்று சாயங்காலம் வந்துவிடுவாள். எந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் ஐந்துதான். மேட்ச் பார்த்த சுவாரஸ்யத்தில் நேற்று ஒரு வேளை தீனி போட மறந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“என்னடா தேடுறே?” அப்பா வந்து நின்றார்.

“ரிமோட்டுப்பா. நீங்க?”

“என் கண்ணாடியைத்தான்” என்று அப்பா அலமாரிக்கு அடியில் குனிந்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

கணவன் மீன் கடைக்கு ஓடினான். “இன்னைக்கு டிஸ்கஸுக்கு நல்ல கிராக்கி சார்” என்று கடைக்காரர் அதே அளவில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அப்பா தொட்டி முன்னால் நின்றிருந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. “ஒரே புழுக்கம்டா, முகம் கழுவினேன்” என்றார்.

மொட்டைமாடியில் தண்ணீர் வழிகிறதா என்று பார்க்க அவரை அனுப்பிவிட்டு, கணவன் குட்டியைத் தொட்டிக்குள் விட்டான். அது நேராகச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. எண்ணிப் பார்க்க நேரமில்லை, வாசல் மணி அடித்துவிட்டது.

மனைவி பையையும் தூக்குவாளியையும் கூட இறக்காமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஒருமுறை எண்ணினாள். செடியை விலக்கி இன்னொரு முறை எண்ணினாள்.

“ஏங்க, எப்படிங்க ஏழு?”

கணவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“நீங்களுமாப்பா?”

“என்னை நம்பித்தானேடா விட்டுட்டுப் போனா...”

“உங்க மேல தப்பில்லப்பா. சின்னவனை நான்தான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்!” கணவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாதே!” என்று அலறினான்.

மனைவி அவன் கையை விலக்கிவிட்டு, தூக்குவாளியின் மூடியை மெல்லத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“கத்தாதீங்க, சின்னவன் பயந்துடுவான்.”