எந்த வகுப்பில் சேர்வது?

ஒரு மாந்தோப்பில், பூச்சி பிடித்தே பிழைத்துவந்த மரங்கொத்தி ஒன்று இருந்தது. அந்த வருஷம் தோப்புக்குள் ஒரு புது வண்டு நுழைந்து, மரங்களை உள்ளுக்குள்ளேயே குடைந்து பட்டுப்போக வைத்தது. அதைப் பிடிக்கப் பறவைகளுக்கு இரண்டாவது முறையாகப் பயிற்சி அறிவித்தார்கள். கூட்டிலிருந்தபடியே செல்போனில் படிக்கலாம். இல்லையென்றால் மலைக்குப் போய் மூன்று நாள் நேரில் படிக்கலாம். சாயங்காலத்துக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

மரங்கொத்திக்கு ஒன்றும் புரியவில்லை. போன மாதம் செல்போனில் படித்து முடித்த மைனாவைக் கேட்டது.

"நேர்லயே போயிடுங்க அக்கா. கூட்டுல உட்கார்ந்து கேட்டா தூக்கம்தான் வருது."

மலைக்குப் போய்வந்த கொண்டலாத்திக் குருவியோ, "செல்போனே போதும் அக்கா. அங்க நடந்ததுல எனக்குச் சாப்பாடு மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றது.

மரங்கொத்திக்குக் குழப்பம் இரண்டு மடங்காகிவிட்டது. கூட்டில் இரண்டு முட்டைகள் வேறு இருந்தன. யோசித்தபடி மரத்தில் தலையைச் சாய்த்தபோது, உள்ளே கறகறவென்று சத்தம் கேட்டது. அதன் கூடு இருந்த மரமேதான்! பதறிப்போய்ச் சத்தம் நகர்ந்த பக்கமெல்லாம் தட்டித் தட்டிக் கேட்டது. கொத்திய இரண்டு துளைகள் வீணாயின. மூன்றாவதில் வண்டு அகப்பட்டது.

பார்த்துக்கொண்டிருந்த மைனாவும் கொண்டலாத்தியும் வாயைப் பிளந்தன. "எந்த வகுப்புல அக்கா இதைச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"அதைத்தானே காலையிலிருந்து உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றது மரங்கொத்தி. "பொழுது சாயுது, சீக்கிரம் சொல்லுங்க, எதுல சேரட்டும்?"