நீதிமன்றப் படியில்

இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நீதிபதி ஓரின் பெல்நாப் வந்து நின்றதும், நீதிமன்றக் கட்டடத்துச் சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்த படகுக்காரன் டோபியாஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பெல்நாப் அவனையே வெறித்துப் பார்த்தார். வெளியே கூச்சல் எழவும், சட்டென்று திரும்பி வாசற்படிக்கு நடந்தார்.

மிசூரி ஆற்றங்கரையின் அந்தச் சிற்றூரே திரண்டு நின்றது. காவல் பொறுப்பில் இருந்த ஷெரிஃப் காலையிலேயே நழுவிவிட்டார். குதிரை லாயக்காரர் லெமுவேல் கையில் கயிறு இருந்தது.

"வழிய விடுங்க, ஜட்ஜய்யா. குடிக்கடையில குத்திக் கொன்னவன எங்ககிட்ட விடுங்க."

"விசாரணை முடியட்டும், லெம்."

"என்ன விசாரணை? கத்தி அவன் கையிலதானே இருந்துச்சு!"

"அன்னிக்குக் களஞ்சியம் எரிஞ்சப்ப உன் தம்பி கையிலயும்தான் தீப்பந்தம் இருந்துச்சு. ஊரே தொங்கவிடச் சொன்னப்ப, அவனுக்கு வக்கீலா நின்னது யாரு? இன்னிக்கு அவன் பிள்ளகுட்டியோட இருக்கான்ல?"

லெமுவேல் கயிற்றால் சிறைப் பக்கம் காட்டினார். "இவன யாரு விசாரிப்பா? நீங்களா?"

"நான் இல்ல. வெளியூர் ஜட்ஜுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்."

கூட்டத்தில் எவனோ கைத்துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் ஓசை கேட்டது. பெல்நாப்பின் முதுகில் வியர்வை வழிந்தது. ஆனால் படியை விட்டு அசையவில்லை.

"உள்ள போகணும்னா முதல்ல என்னைச் சுடுங்கடா!"

லெமுவேலின் கண் கலங்கியது. "நாங்க உங்களுக்காகத்தானே வந்தோம்…" என்று முனகியவர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

உள்ளே வந்த பெல்நாப், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்தார்.

டோபியாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "ஐயா… நீங்க துப்பாக்கியோட வந்தப்ப, என்னைச் சுடத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவனுக்கு அது புரியவில்லை. "சண்டையில விளக்கு ஒடஞ்சு ஒரே இருட்டு, ஐயா. யாரு மேல கத்தி பட்டுச்சுன்னே தெரியல. செத்தது யாருங்க?"

பெல்நாப் தலை நிமிரவில்லை.

"என் பையன்."