காயும்வரை பேசக் கூடாது

பாக்கியலட்சுமி வாயைத் திறக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வைத்த பூச்சு காயும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. சித்தியின் உத்தரவு.

"மாப்பிள்ளையோட அம்மா சாயந்தரம்தான் வராங்க. இன்னும் ஒரு தடவ வச்சிக்கோ பாக்கியம். வெயில்ல நல்லா காயட்டும், நானே வந்து கழுவி விடறேன்."

சித்தி பூங்காவனம் அடுத்த வீடு. தாயில்லாத பெண்ணுக்கு இந்த வரனைப் பேசி முடிக்கப்போவது அவள்தான். மலாக்காவின் காஜா பெராங் முழுக்க இது தெரியும். அவளே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். தன் மகள் கோகிலாவுக்கும் வயது ஆகிறது, இருந்தாலும் மூத்தவர் பெண்தானே முதலில் என்று பெருமூச்சும் விட்டிருந்தாள்.

பாக்கியத்துக்கு முகம் நிறையப் பரு. வந்த வரன்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சேர்ந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் செங் ஊரில் இருக்கும் பிள்ளைக்குட்டிக்காரருக்கு இரண்டாம் தாரம் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பருவுக்குத்தான் கம்போங் செட்டி அலமேலு தந்த பெடாக் செஜுக் என்ற குளிர்ச்சிப் பவுடர். அரிசியை ஜாடியில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, நுரை கட்டிப் புளித்து நாறும்வரை விட்டு, அரைத்து, சொட்டுச் சொட்டாகத் துணியில் வைத்துக் காயவைத்த பவுடர். தண்ணீரில் குழைத்துப் பருவின் மேல் வைக்க வேண்டும்.

அந்தப் புளிப்பில் என்ன உயிர் இருந்து வேலை செய்ததோ, பரு அடங்கிவிட்டது. கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து அவளுக்கே கை ஓயவில்லை.

அப்பா பலகாரம் வாங்க பசாருக்குப் போயிருந்தார். அப்போதுதான், நடுப்பகலிலேயே, வேலிப்படல் திறந்தது.

சித்தி. கூடவே ஒரு பெரியவள். மாப்பிள்ளை சேதுராமனின் அம்மா.

சேதுராமன் பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். அம்மா பார்த்துச் சரி என்ற பிறகுதான் அவன் வருவான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டது அவன், இறக்கிக் கூட்டி வந்தது பூங்காவனம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து இன்னும் களைப்புத் தீராதவள், சுதந்திர நாள் முடிந்தும் வேலிகளில் அவிழ்க்காமல் விட்டிருந்த மெர்டேக்கா கொடிகளை வேடிக்கை பார்த்தபடி வந்தாள். வாசலைப் பார்த்ததும் நின்றாள்.

கன்னத்தில் வெள்ளை. நெற்றியில் வெள்ளை. உதட்டோரம் வெள்ளை. திட்டுத் திட்டாக.

அவள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். வெண்குஷ்டம்.

பாக்கியம் உள்ளே ஓடினாள். பின்னால் தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம் கேட்டது.

தன் பவுடர் வேலை செய்ததைப் பார்க்க வந்து வேலியோரம் நின்றிருந்த அலமேலுவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நெற்றியில் குங்குமம், வாயில் மலாய். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டிகளுக்குத் தமிழ் வராது. "பெடாக் சாஜா," என்று பதறினாள். வெறும் பவுடர், கழுவினால் போய்விடும் என்று மலாயிலேயே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க இவுங்க?" என்றாள் சேதுராமனின் அம்மா.

பூங்காவனத்துக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. பசாரில் மீன்காரன் அவளைக் கண்டால் கடையை மூடப் பார்ப்பான். இப்போது கொஞ்சம் தயங்கினாள். முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"ஒன்னும் இல்லேன்னு சொல்றாங்கக்கா. மருந்து போட்டுக்கிட்டே வந்தா சரியாயிடுமாம்."

தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி, அலமேலு சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

சேதுராமனின் அம்மா முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். இவ்வளவு தூரம் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? சித்தி அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

பாக்கியம் ஈர முகத்தோடு ஓடி வந்தாள். ஒரு பரு இல்லை, ஒரு திட்டு இல்லை. அலமேலு அவள் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்து மகிழ்ந்துபோனாள். பார்க்க வேண்டியவள் அங்கே இல்லை.

பாக்கியம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு முன்கூடத்தில் கோகிலா தேநீர்த் தட்டோடு குனிந்து நின்றாள். சேதுராமனின் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலா பட்டுப் புடவையில் இருந்தாள். விடியும் முன்பே வைத்திருக்க வேண்டும், தலையில் பூ அதற்குள் வாடியிருந்தது.