பின்னால் வரும் சத்தம்

"போன்லயும் பேசணும், கம்ப்யூட்டர்லயும் பேசணும். ரெண்டுக்கும் ஒரே மைக்கா கொண்டாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், கடைக்காரர் அப்படிப்பட்ட இரண்டு மைக்குகளைக் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

முதல் மைக்கைச் செருகி ஹெட்போனை மாட்டியதுமே வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

"ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் விழுது. போதாததுக்கு உள் ரூம் சத்தம் வேற."

உள்ளேயிருந்து சன்னமாக ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது.

"குழந்தை முழிச்சுக்கிச்சு போல. போய்ப் பாத்துட்டு வாங்க சார், நான் இருக்கேன்."

"அது அப்படித்தான், நாள் பூரா நச்சரிக்கும். போன வீடியோவுக்குக் கீழ, 'பின்னால யார் கூப்பிடறது'ன்னு கமெண்ட் போட்டு மானத்தை வாங்கிட்டாங்க."

"அப்ப இதுதான் உங்களுக்கு. முன்னால பேசுறதை மட்டும்தான் பிடிக்கும். பின்னால இடியே விழுந்தாலும் கண்டுக்காது."

கடைக்காரர் பெருமையோடு இரண்டாவது மைக்கைச் செருகி, ஹெட்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார். "பேசுங்க சார்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். குரல் தேனாய் இளகியது.

"அன்பு நெஞ்சங்களே! வயசான பெத்தவங்களை எப்படிப் பாத்துக்கணும்னு இன்னிக்கும் பேசப்போறோம். அவங்க ஒரு குரல் குடுத்தா, போட்டது போட்டபடி ஓடிப்போய் நிக்கணும்..."

அவ்வளவு தெளிவு. வேறொரு சத்தமும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு சார்" என்றபடி கடைக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

உள் அறையிலிருந்து வந்த குரல் இப்போது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

"தம்பி... ஒரு வாய் தண்ணி குடுப்பா..."

"அருமை! இதையே வெச்சுக்கறேன்" என்றார் மகன்.